ஊராட்சி அலுவலக வாசலில் நின்றுபோன கண்ணாடி இழை

வீட்டுக்கு எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பை வாங்கலாம் என்று ஆலோசனை கூறுவோருக்கு இன்று பஞ்சமில்லை. வேகத்தைப் பாருங்கள், மாதக் கட்டணத்தை ஒப்பிடுங்கள், பழுது ஏற்பட்டால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்று விசாரியுங்கள், பிறகு முடிவெடுங்கள் என்கிறார்கள். நான்கு நிறுவனங்களின் கம்பிகள் ஒரே மாடிப்படி வழியாக ஏறுகின்ற பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த ஆலோசனைக்குப் பொருள் உண்டு. சத்தீஸ்கரின் காட்டோரக் கிராமத்திலும், விதர்பாவின் பருத்தி விளையும் சிற்றூரிலும், பீகாரின் வெள்ளம் சூழும் ஆற்றங்கரை ஊரிலும் எதை எதனோடு ஒப்பிடுவது? அங்கே இருப்பது தொலைவில் நிற்கும் ஒரு கைபேசிக் கோபுரம். மின்சாரம் போனால் அதுவும் அடங்கிவிடும்.

2025 தொடக்கத்தில் இந்தியாவில் அகலக்கற்றை இணைப்புகள் 94 கோடியைத் தொட்டுவிட்டன என்று ஒன்றிய அரசு பெருமை பேசியது. இவற்றில் வீட்டுக்குள் கம்பி வழியாக வரும் இணைப்புகள் சுமார் 4 கோடி மட்டுமே. அவற்றிலும் பெரும்பகுதி நகரங்களில் உள்ளது. எஞ்சியவை அனைத்தும் கைபேசியில் வரும் இணையம். வினாடிக்கு 2 மெகாபிட் கிடைத்தாலே அகலக்கற்றை என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்பது 2023 முதல் நடைமுறையில் உள்ள வரையறை. அந்த எண்ணிக்கையிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஜியோ, ஏர்டெல் என்ற இரண்டே நிறுவனங்களின் கையில் இருக்கிறது. இதற்குப் பெயர் போட்டிச் சந்தையாம்!

இணையம் ஏழைகளுக்கு அவசியமா என்ற பழைய கேள்விக்கு இனி இடமில்லை. அதை அவசியமாக்கியது அரசே. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் வருகைப் பதிவைச் செயலி வழியாக, நாளுக்கு இருமுறை புகைப்படத்துடன் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சமிக்ஞை கிடைக்காத இடத்தில் மண் சுமந்த பெண்ணின் உழைப்பு பதிவேறாமல் போயிற்று. ரேஷன் கடையில் விரல்ரேகை, உழவர் உதவித்தொகைக்கு மின்னணுச் சரிபார்ப்பு, கல்லூரி விண்ணப்பம், ஓய்வூதியர் உயிர்வாழ்வுச் சான்று என எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டு, இணையத்தை மட்டும் சந்தையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் ஒடிசாவிலும் இமாச்சலத்திலும் பிள்ளைகள் பாடம் கேட்பதற்காகக் குன்றேறியதை நாடே பார்த்தது. இணையம் கல்வி உரிமையோடும் தனிமனித உரிமையோடும் பிணைந்தது என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இலேயே தீர்ப்பளித்தது. அந்த உரிமையை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதுதான் இன்றைய கேள்வி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிராமப்புறத்தில் நிறுவனத்தைத் தேர்வு செய்பவர் கிராமத்து மக்கள் அல்லர். எந்தக் கிராமம் தனக்கு வேண்டும், எது வேண்டாம் என்று நிறுவனம்தான் தேர்வு செய்கிறது. இது வெறும் குற்றச்சாட்டு அன்று. அரசின் ஆவணங்களே இதற்குச் சாட்சி.

2011 அக்டோபரில் தேசிய கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வடம் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. பின்னர் இதற்குப் பாரத்நெட் என்று பெயர் சூட்டினார்கள். பெயரை மாற்றுவதில் இந்த ஆட்சிக்கு இருக்கும் வேகம் வடம் புதைப்பதில் இருந்திருந்தால் பணி என்றோ முடிந்திருக்கும். முதல் கட்டத்தின் ஒரு லட்சம் ஊராட்சிகள் நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது 2017 டிசம்பரில்தான். 2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் புதிய வாக்குறுதி தந்தார்: 1,000 நாட்களில் ஆறு லட்சம் கிராமங்களும் கண்ணாடி இழையால் இணைக்கப்படும் என்றார். அந்த 1,000 நாட்கள் 2023 மே மாதத்திலேயே முடிந்துவிட்டன. 2025 தொடக்கத்தில் அரசு காட்டிய கணக்கு 2.14 லட்சம் ஊராட்சிகள். கிராமங்களின் எண்ணிக்கை அன்று, ஊராட்சிகளின் எண்ணிக்கை. அதுவும் 'சேவைக்குத் தயார்' என்ற கணக்கு.

'சேவைக்குத் தயார்' என்றால் என்ன? வட்டாரத் தலைமையிடத்தில் உள்ள பிஎஸ்என்எல் தொலைபேசி நிலையத்திலிருந்து கிளம்பும் வடம் ஊராட்சி அலுவலகத்தின் ஒரு பெட்டியில் வந்து முடியும். பெட்டிக்கு மின்கலமும் சூரியத் தகடும் உண்டு. அங்கிருந்து பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் வீடுகளுக்கும் கம்பி செல்ல வேண்டும் அல்லவா? அந்தக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் தனியார் பார்த்துக்கொள்வார்கள், உள்ளூர் கேபிள்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். முதல் கட்டத்தில் வடம் ஒரே கோடாகப் போடப்பட்டது. சாலை அகலப்படுத்தும் இயந்திரமோ குடிநீர்க் குழாய் பதிக்கும் இயந்திரமோ ஓரிடத்தில் அதை அறுத்துவிட்டால், அதற்கப்பால் உள்ள ஊராட்சிகள் எல்லாம் இருளில் மூழ்கும். அறுந்ததைத் தேடிச் சென்று ஒட்டுவதற்கு ஆள் இல்லை. ஊராட்சிச் செயலரின் அலமாரிக்குள் அந்தப் பெட்டி தூசு படிந்து கிடக்கும். தில்லியின் கணக்கேட்டில் அது 'தயார்' என்றே இருக்கும்.

பொதுத்துறை செய்தால் இப்படித்தான், தனியாரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பார்கள் சிலர். கொடுத்துப் பார்த்தார்கள்! 2021 ஜூனில், 16 மாநிலங்களில் பாரத்நெட்டைத் தனியார் பங்கேற்புடன் அமைக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஈடுகட்டும் மானியமாக 19,041 கோடி ரூபாயை அரசே தருவதாகச் சொன்னது. ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள், ஏற்று நடத்த எவரும் முன்வரவில்லை, கைவிட்டார்கள். 19,041 கோடி ரூபாயை இலவசமாகத் தருகிறேன் என்று அழைத்தும் மூலதனம் கிராமத்துக்கு வர மறுத்தது. கிராமத்தில் கிடைக்கும் இலாப விகிதம் நகரத்தில் கிடைப்பதற்கு ஈடாகாது என்று அது கணக்குப் போட்டது. சந்தைப் பொருளாதாரத்தின் புகழ் பாடுவோர் இந்த ஒரு நிகழ்வைப் பற்றி மட்டும் வாய் திறப்பதே இல்லை.

இன்னொரு சான்றும் உண்டு. தனியார் நிறுவனங்கள் 4ஜி சேவையைத் தொடங்கியது 2012இல். பத்தாண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்குச் சேவை தர 26,316 கோடி ரூபாய் திட்டம் ஒன்றை அமைச்சரவை ஏற்றது. அந்தப் பணி யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? பிஎஸ்என்எல் நிறுவனத்திடம். இலாபம் உள்ள இடம் தனியாருக்கு, இழப்பு உள்ள இடம் பொதுத்துறைக்கு; பிறகு ஆண்டறிக்கையைக் காட்டி, பாருங்கள், பொதுத்துறை இழப்பில் ஓடுகிறது என்பார்கள்.

அந்த இழப்பு எப்படி உருவாக்கப்பட்டது என்பதைத் தோழர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 2000 அக்டோபர் 1 அன்று உருவான பிஎஸ்என்எல், 2004-05இல் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இலாபம் ஈட்டிய நிறுவனம். தனியார் 4ஜியில் பாய்ந்தபோது அதற்கு அலைக்கற்றை தரப்படவில்லை. 2020இல் அது கோரிய 4ஜி கருவி ஒப்பந்தப்புள்ளி ரத்து செய்யப்பட்டது. உள்நாட்டுக் கருவிதான் வாங்க வேண்டும் என்றார்கள். உள்நாட்டுத் தொழில்நுட்பம் வளர வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அந்தத் தேசபக்தி நிபந்தனை ஜியோவுக்கோ ஏர்டெல்லுக்கோ கிடையாது. அவர்கள் சாம்சங், எரிக்சன், நோக்கியா கருவிகளை வாங்கிக் குவித்தார்கள். பிஎஸ்என்எல்லின் 4ஜி சேவை முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27 அன்று. பதின்மூன்று ஆண்டுகள் ஒருவரைக் கட்டிப்போட்டுவிட்டு ஓட்டப்பந்தயத்தில் தோற்றார் என்று அறிவித்த கதை இது.

இதற்கிடையில் 2020 ஜனவரி 31 அன்று, ஒரே நாளில், 78,569 ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டார்கள். நிறுவனத்தின் ஏறத்தாழப் பாதிப் பேர். எந்தக் கம்பம் எந்தத் தெருவில் சாய்ந்திருக்கிறது, எந்தப் பாலத்தடியில் வடம் போகிறது என்று அறிந்திருந்தவர்கள் அவர்கள்தான். இன்று கிராமத்தில் இணைப்பு அறுந்தால் பார்க்க ஆளில்லையே என்று கேட்பவர் அந்த நாளை நினைவுகூர வேண்டும்.

சூறையாடல் வேறு வழிகளிலும் நடந்தது. தனது கோபுரங்களையும் பிற கட்டமைப்பையும் பகிர்ந்துகொண்ட ஜியோவிடம் பிஎஸ்என்எல் 2014 மே முதல் 2024 மார்ச் வரை ஒப்பந்தப்படி கட்டணம் கோராததால் அரசுக்கு 1,757.56 கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கூறியிருக்கிறார். பத்தாண்டுகள் உரிய கட்டணத்தைக் கோர மறந்துபோகும் நிர்வாகம், ஏழை வீட்டின் தொலைபேசிக் கட்டணம் ஒரு மாதம் தவறினால் இணைப்பைத் துண்டிக்க மறப்பதில்லை. 2021 ஆகஸ்டில் வெளியான தேசியப் பணமாக்கல் திட்டத்தில் 2.86 லட்சம் கிலோமீட்டர் பாரத்நெட் கண்ணாடி இழையும், பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் நிறுவனங்களின் 14,917 கோபுரங்களும் பட்டியலில் ஏற்றப்பட்டன. மறுபுறம், வோடஃபோன் ஐடியா அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி பங்குகளாக மாற்றப்பட்டு, அந்நிறுவனத்தில் ஏறத்தாழ 49 விழுக்காடு இன்று அரசின் கையில். நிர்வாகம் மட்டும் பழைய முதலாளிகளிடமே! தனியார் கடனில் மூழ்கினால் அரசே பங்காளி. பொதுத்துறை கடனில் மூழ்கினால் ஊழியரை வீட்டுக்கு அனுப்பு.

2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்திய பாரத்நெட் திட்டம் அறிவிக்கப்பட்டது. வடத்தை வளையமாக அமைப்பது, ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் சேவை தொடர்வது, ஒன்றரைக் கோடி கிராமப்புற வீடுகளுக்கு இணைப்பு தருவது என்று அதில் வரவேற்கத்தக்க அம்சங்கள் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வடிவமைப்பும் கட்டுமானமும் பத்தாண்டுப் பராமரிப்பும் தொகுப்பு தொகுப்பாகத் தனியார் ஒப்பந்ததாரர்களுக்கு. பிஎஸ்என்எல் மேற்பார்வையாளர் மட்டுமே. இணைப்பைக் காக்கும் தொழிலாளி ஒப்பந்தத்தின் கீழ் உள்ள துணை ஒப்பந்தத்தில், பணிப் பாதுகாப்போ உரிய ஊதியமோ இன்றி உழைப்பார். மக்கள் வரிப்பணம் முதலீடு. ஒப்பந்ததாரருக்கு உத்தரவாதமான வருவாய்.

பணம் இல்லை என்ற வாதமும் நிற்காது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் திருத்திய மொத்த வருவாயில் 5 விழுக்காடு, கிராமப்புறச் சேவைக்கென்றே 2002 முதல் வசூலிக்கப்படுகிறது. இந்தப் பொதுச் சேவைக் கடப்பாட்டு நிதிக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். நிறுவனங்கள் இதை நம் கட்டணத்திலிருந்துதான் செலுத்துகின்றன. இதில் பெருந்தொகை ஆண்டுக்கணக்கில் கிராமத்துக்குச் செல்லாமல் இந்தியத் தொகுப்பு நிதியிலேயே தங்கியது.

மாற்று உண்டா? கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய கே-ஃபோன் அதற்கு விடை. மின்வாரியக் கம்பங்களின் மீதே கண்ணாடி இழையைக் கொண்டுசென்றார்கள். தெருவைத் தோண்டும் செலவு மிச்சம். சுமார் 30,000 அரசு அலுவலகங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு. மற்றவர்க்கு மாதம் 299 ரூபாயிலிருந்து கட்டணம் என்பது திட்டம். முதலில் தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. இலக்குக்கும் நிறைவேற்றத்துக்கும் இடைவெளி பெரிது. அதை மூடிமறைத்துப் பயனில்லை. கிஃப்பி வாங்கும் கடனையும் மாநிலத்தின் கடன் வரம்புக்குள் திணித்த ஒன்றிய அரசின் நிதி நெருக்குதலையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். என்றாலும் ஒரு மாநில அரசு, தன் மின்கம்பத்தை வைத்துக்கொண்டு, இணையத்தைக் குடிநீர் போன்ற பொதுச் சேவையாகக் கருத முடியும் என்பது நிறுவப்பட்டுவிட்டது. மின்கம்பம் இல்லாத மாநிலம் இந்தியாவில் எது?

இப்போது புதிய மாயம் ஒன்று வானிலிருந்து இறங்குகிறது. 2025 மார்ச்சில் ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்த நாட்களில் எலான் மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டன. ஜூனில் ஸ்டார்லிங்கிற்கு உரிமம் கிடைத்தது. கம்பி எட்டாத கிராமத்துக்கு இதுவே தீர்வு என்கிறார்கள். பனிமலைக்கும் தீவுக்கும் செயற்கைக்கோள் தேவைதான்; அதை இஸ்ரோவின் ஆற்றலைக் கொண்டு செய்வதற்கு என்ன தடை? நாட்டின் அலைக்கற்றையும் தகவல் தொடர்பும் அமெரிக்கப் பெருமுதலாளி ஒருவரின் விருப்புக்கு உட்படுவது இறையாண்மையின் மீதான சமரசம். கூலித் தொழிலாளி அந்த வட்டத் தட்டை வாங்கும் விலைக்கு எங்கே போவார் என்பதை யாரும் சொல்வதில்லை.

நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: பிஎஸ்என்எல் சேவை சரியில்லை, பிள்ளைகள் படிக்க வேண்டும், தனியார் இணைப்பு வாங்குவது தவறா? தவறில்லை. கிடைப்பதை வாங்கிப் பிழைப்பது மக்களின் கட்டாயம். அதைக் கொள்கைத் துரோகமாகப் பேசுவது சிறுபிள்ளைத்தனம். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒருசேரக் கட்டணத்தை உயர்த்தியபோது, அந்த ஒரே மாதத்தில் பிஎஸ்என்எல்லுக்குச் சுமார் 29 லட்சம் பேர் கூடுதலாக வந்தார்கள். எவரும் அவர்களை அழைக்கவில்லை. பொதுத்துறை நிறுவனம் ஒன்று இருப்பதே கொள்ளைக்குத் தடை என்பதை மக்கள் தம் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள். வந்தவர்களைத் தக்கவைக்கக் கோபுரமும் ஆளும் இல்லாததால் பலர் திரும்பிப் போனார்கள். அந்தக் கோபுரத்துக்கும் ஆளுக்கும் போராடுவது நம் வேலை. கைபேசி அட்டையை மாற்றச் சொல்லி உபதேசிப்பது அன்று.

ஊழியர் சங்கத் தோழர்கள் மட்டும் இதைச் சுமக்க முடியாது. கிளைகள் முதலில் தம் ஊராட்சி அலுவலகத்துக்குச் சென்று பாரத்நெட் பெட்டி எங்கே இருக்கிறது, ஒளிர்கிறதா, கடைசியாக எப்போது ஒளிர்ந்தது என்று பார்க்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தங்கள் வட்டாரத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம் உள்ளது, பழுது நீக்கக் கால வரையறை என்ன, தவறினால் விதிக்கப்படும் தண்டத்தொகை எவ்வளவு, இதுவரை எவ்வளவு வசூலிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். ஊராட்சிப் பள்ளி, அங்கன்வாடி, துணைச் சுகாதார நிலையம், ரேஷன் கடை ஆகியவற்றுக்குக் கட்டணமில்லா இணைப்பும், நூறு நாள் வேலை அட்டை உள்ள வீடுகளுக்குச் சலுகைக் கட்டண இணைப்பும் கோரும் தீர்மானத்தை, விவசாயத் தொழிலாளர் சங்கமும் வாலிபர், மாணவர் அமைப்புகளும் சேர்ந்து அக்டோபர் 2 கிராம சபையில் முன்வைக்கலாம். தீர்மான நகலையும் பெட்டியின் நிலை குறித்த குறிப்பையும் மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப நம் உறுப்பினர்களுக்கு அமைச்சகத்தின் 'சேவைக்குத் தயார்' பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டும் ஊர்ப் பெயர்கள் தேவைப்படுகின்றன.