முட்டை உரியவில்லையா? கையைக் குறை சொல்லாதீர்கள்!

மாணவர்களே, அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்தால், "உனக்கு உரிக்கவே தெரியவில்லை" என்று வீட்டில் திட்டு விழும். பெரும்பாலும் குற்றம் கையில் இல்லை, முட்டையின் வயதில்தான் இருக்கிறது.

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் கோழி வளர்த்த குடும்பங்கள் பல. காலையில் எடுத்த முட்டை மதியமே அடுப்பில் ஏறும். சத்தான உணவுதான், ஆனால் உரிப்பதற்குக் கடினம். புதிய முட்டையின் வெள்ளைக்கருவில் கரிவளி கரைந்திருக்கும். நாளாக ஆக, அது ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறும். வெள்ளைக்கருவின் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 7.6இலிருந்து 9க்கு மேல் உயரும். அப்போது உட்சவ்வு அதனுடன் இறுக ஒட்டாது. ஈப்போ கடைகளில் வாங்கும் முட்டை பெரும்பாலும் சில நாள் பழையது. அதனால் எளிதாக உரியும்.

புதிய முட்டைதான் இருக்கிறதா? கொதிக்கும் நீரில் மெல்ல இறக்கி, 11 நிமிடம் அவித்து, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள்.

"உப்புப் போடு, காடி ஊற்று" என்றும் பலர் சொல்வார்கள். கேட்டதும் நம்புவதும் தவறு, சிரித்து ஒதுக்குவதும் தவறு. சோதித்துப் பாருங்கள். ஒரே பாத்திரம், ஒரே நேரம், ஒரே வயது முட்டைகள்: இவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். உப்பு மட்டும் தற்சார்பு மாறி. எத்தனை முட்டை பிய்யாமல் உரிந்தது என்று எண்ணுங்கள்.

மாறிகளைத் தேர்வுக்காக மனனம் செய்கிறோம். அவற்றைச் சமையலறையில் பயன்படுத்தாவிட்டால், படித்த அறிவியல் ஏட்டோடு நின்றுவிடும்.