கைதட்டிய பிறகு...

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



தன்னம்பிக்கைப் பேச்சு கேட்காத பாலிடெக்னிக் மாணவன் உண்டா? அதுவும் பட்டிமன்றம் கொடிகட்டிப் பறக்கும் நம்ம மதுரையில்! 'மனசு வைத்தால் தனி ஒருவனாகச் சாதிக்கலாம்' என்பார்கள். நாமும் கை சிவக்கத் தட்டுவோம். தப்பில்லை, அன்னிக்கு ராத்திரி ஒரு பாடம் கூடுதலாகப் படிக்க ஓடும். ஆனால் அந்தத் 'தனி ஒருவன்' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ராணுவ டாக்டராக இருந்தவரை முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. 1948இல் ராணுவத்தை விட்டு வந்தார். பிரசவ மருத்துவம் பார்க்க நினைத்தவர், விரல்கள் கோணிப்போனதால் கண் மருத்துவத்துக்கு மாறினார். அதே விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, லட்சம் ஆபரேஷனுக்கு மேல் செய்தார்.

மேடைப் பேச்சு இங்கே முடிந்து கைதட்டல் விழும். எனக்கோ அதற்கு மேலே உள்ளதுதான் பெரிசு. அரசு வேலையில் ஓய்வுபெற்று 1976இல் 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தபோது அவர் தனியாகவா நின்றார்? தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே கூட நின்றது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணைப் பரிசோதிப்பதிலிருந்து ஆபரேஷனுக்குத் தயார்படுத்துவது வரை அந்தப் பெண்கள்தான் பார்க்கிறார்கள். காசுள்ளவர் கட்டும் பணத்தில் இல்லாதவருக்கும் வைத்தியம் நடக்கிறது. 1992இல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையே மதுரையில் குறைந்த விலைக்குச் செய்தார்கள். (மெக்கானிக்கல்காரர்களே, அந்த பிளாஸ்டிக் லென்ஸும் லேத்தில் கடைவதுதான்!) 2006இல் டாக்டர் மறைந்தார். ஆஸ்பத்திரி நிற்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? எங்கப்பா மூட்டை தூக்குகிறவர். 'அரியர்' என்றால் என்னவென்று எங்க வீட்டில் யாருக்கும் தெரியாது. 'முடியலைன்னா உன் மனசுலதான் கோளாறு' என்று மேடையில் சொன்னால், எங்களை மாதிரிப் பசங்க தோற்றால் பழியும் எங்க தலையில்தானே? முதல் செமஸ்டரோடு நின்ற நம்ம வகுப்புப் பையன் மனம் சோர்ந்தா போனான்? பஸ்ஸுக்கும் பீஸுக்கும் வழியில்லாமல் போனான்!

எனக்கு டிராஃப்டர் வாங்கக் காசில்லாதபோது, மூணாம் வருஷத்து அண்ணன் ஒருத்தர் தன்னுடையதைக் கொடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து முதல் ஷீட்டை வரையச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பொன்மொழிகூட அவர் சொல்லவில்லை.

பேச்சாளர்களைக் கூப்பிட வேண்டாம் என்பதல்ல. கூப்பிடுவோம். 'ஐயா, நீங்க விழுந்தப்ப தூக்கிவிட்டது யாரு?' என்று ஒரு கேள்வியும் கேட்போம். சால்வைச் செலவில் சங்கம் ஓர் அலமாரி வாங்கட்டும். கடைசி வருஷத்து அண்ணன்கள், அக்காக்கள் டிராஃப்டரையும் புத்தகங்களையும் அதில் வைத்துவிட்டுப் போகட்டும். முதலாண்டுப் பையனோ பொண்ணோ மூணு நாள் சேர்ந்தாற்போல வரலைன்னா, அந்த ஊர் பஸ்ஸில் வருகிற யாராவது வீடு வரை போய் விசாரித்து வரட்டும். சோழவந்தான் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன். மேலூர், உசிலம்பட்டி பக்கம் யார் வர்றீங்க?