தட்டைப் பிரித்து வைத்தவர்கள்

இதை நான் எப்போதோ எழுதியிருக்க வேண்டும். பத்திரிகையில் இருந்த காலத்தில் எழுதவில்லை. "குடும்பங்கள் வாசிக்கும் ஏடு" என்று சொல்லி, இத்தகைய செய்திகளை ஆசிரியபீட மேசையிலேயே வெட்டிவிடுவோம். வெட்டியவர்களில் நானும் ஒருவன். குடும்பங்களுக்குத்தான் இந்தச் செய்தி வேண்டும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்கு அண்மையில், எனக்குப் பழக்கமான வீடொன்று இருந்தது. மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்தவன். ஒருமுறை அவன் விடுப்பில் வந்திருந்தபோது போனேன். அவனுக்கென்று தனியாக ஓர் அலுமினியத் தட்டும் குவளையும் வைத்திருந்தார்கள். துவாய்கூடப் பின்வளவில் தனிக்கொடியில் காய்ந்தது. தாயார் என்னிடம் மெல்லிய குரலில் விடயத்தைச் சொன்னார். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வைத்தியர் 'சிபிலிஸ்' என்று சொல்லியிருக்கிறார். சிகிச்சை முடியுமுன்னே கப்பல் புறப்பட்டுவிட்டது.

"மருமகளுக்குத் தெரியுமா, அம்மா?" என்று கேட்டேன்.

"அவளிட்ட ஏன் தம்பி சொல்லுறது? பிள்ளைத்தாச்சி, பயந்து போவாள்."

அந்தப் பெண் அப்போது அடுக்களையில் அதே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை. கணவன் வீடு வந்ததோ ஐந்தாம் மாதத்தில். அதன் பின்னரே அவளுக்கும் நோய் இருந்தது தெரியவந்தது. தட்டைப் பிரித்த குடும்பம் பாயைப் பிரிக்கவில்லை, உண்மையையும் சொல்லவில்லை.

இது அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட நான் விரும்பவில்லை. இதற்குள்ளே ஒரு வசதி இருக்கிறது. நோய் எப்போதும் வெளியிலிருந்துதான் வருகிறது என்று நம்புவது துறைமுக ஊர்களின் பழக்கம். 'பறங்கிப் புண்' என்று பெயரிட்டவர்கள் நாம். 1622 இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர்மீது ஒரு நோயையும் சுமத்திவிடுவதில் மனத்துக்கு ஓர் ஆறுதல். ஆனால் இலங்கையில் 'பறங்கி' என்று வழங்கிய வியாதி பெரும்பாலும் 'யோஸ்' என்னும் வேறொரு நோய். அதன் கிருமியை 1905 இல் கொழும்பில் கண்டறிந்தவர் அல்டோ கஸ்தெல்லானி. அதே ஆண்டில்தான் பேர்லினில் சிபிலிஸ் கிருமியும் கண்டறியப்பட்டது. இரண்டும் நெருங்கிய உறவுக் கிருமிகள். ஆயினும் யோஸ் உடலுறவால் பரவுவதன்று. தோலோடு தோல் உரசிப் பிள்ளைகளுக்குள் பரவுவது. வீட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் அந்த நோய்க்குப் பொருந்தும். நாம் அச்சத்தை இடம்மாற்றி வைத்துக்கொண்டோம்.

பழியைப் போட இன்னோர் இடமும் உண்டு: துறைமுகத்துப் பெண். திருகோணமலையில் 1957 வரை கடற்படைத் தளம் வைத்திருந்த பிரித்தானியர், தம் நாட்டிலேயே இதற்கு வழிகாட்டியிருந்தனர். 1864 இன் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி, படைத்தளங்களும் துறைமுகங்களும் உள்ள ஊர்களில் பொலிஸார் சந்தேகித்த பெண்களைப் பிடித்துக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தினர். மாலுமியை அந்தச் சட்டம் தொடவில்லை. யோசபின் பட்லர் முதலானோர் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பின்னர் 1886 இல் அது நீக்கப்பட்டது. சட்டம் போய்விட்டது, அந்த மனப்போக்கு நம் வீடுகளில் தங்கிவிட்டது.

எனவே வெளிப்படையாகவே சொல்கிறேன். எச்.ஐ.வி. தட்டால் பரவாது, குவளையால், கழிப்பறையால், நுளம்பால் பரவாது. உடலுறவால், இரத்தத்தால், தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவும். சிபிலிஸ் புண்ணோடு நேரடியாகப் படுவதாலும் தாயிடமிருந்து கருவுக்கும் பரவும். வீட்டுப் பொருள்களில் கவனம் வேண்டுமென்றால் ஹெப்படைட்டிஸ் பி யைச் சொல்லலாம். சவர அலகையும் பற்தூரிகையையும் பகிர்ந்தால் அது தொற்றக்கூடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. இலங்கையில் 2003 முதல் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது.

ஆக, வீட்டில் உண்மையான ஆபத்தில் இருப்பவர்கள் இருவர்: மனைவியும் வயிற்றுப் பிள்ளையும். அவர்களிடம்தான் நாம் ஒன்றும் சொல்வதில்லை. ஆபத்தில்லாதவர்களையோ ஊரைவிட்டே துரத்துகிறோம். 2016 இல் குளியாப்பிட்டியில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற வதந்தியால் ஒரு சிறுவனைப் பாடசாலைகள் ஏற்க மறுத்தன. அவனுக்குத் தொற்று இல்லை என்று பரிசோதனை காட்டிய பின்னரும் ஏனைய பெற்றோர் அடங்கவில்லை. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கடைசியில் கண்டிப் பாடசாலை ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது.

"இதையெல்லாம் பேசினால் மானம் போய்விடும்" என்பார்கள். யாருடைய மானம்? தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கையை அங்கீகரித்தது. மெத்தப் பெரிய சாதனை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கிளினிக்கில் கையை நீட்டிய தாய்மாரும், வீடுவீடாக நடந்த குடும்பநல உத்தியோகத்தர்களும் சேர்ந்து ஈட்டியது அது. அந்தப் பெண்களின் மானம் போயிற்றா? மனைவியின் இரத்தத்தைச் சோதித்தால் போதும், தன்னுடையது தேவையில்லை என்று ஒதுங்கி நிற்கும் கணவன் அந்தச் சாதனையை ஒவ்வொரு நாளும் பணயம் வைக்கிறான். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்துக் கணவனை விட்டுவிட்டால் நோய் மறுபடியும் அவளிடமே திரும்பும்.

சிபிலிசுக்குப் பெனிசிலின் ஊசி இருக்கிறது, முழுமையாகக் குணமாகும். எச்.ஐ.வி.க்குத் தினமும் மருந்தெடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத நிலையைப் பேணுபவரிடமிருந்து உடலுறவால் அது பரவுவதில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. சிகிச்சை இருந்தால் 5க்கும் கீழே. அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விவரம் வெளியே போகாது. கடலிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வீடு திரும்பும் ஆண்மகன் ஐயம் இருந்தால் முதலில் போகவேண்டிய வாசல் அதுதான்.

அன்று அந்தப் பெண்ணின் காதில் ஒரு வார்த்தை போட என்னால் முடிந்திருக்கும். குறைந்தது, அவள் கணவனைத் தனியே அழைத்து, "நீயே சொல், சொல்லிவிட்டு இருவரும் வைத்தியரிடம் போங்கள்" என்றாவது சொல்லியிருக்கலாம். பிறர் வீட்டு விவகாரம் என்று தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அவள் அதற்கு முன்னரே என் குவளையையும் கழுவ எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.