அரை நிமிடம் பொறுத்தால் என்ன?

ஓட்டப்பிடாரம் பக்கம் ஒருவருக்கு உடம்பு ரொம்ப மோசமானால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இப்படிப்பட்ட பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சிலருக்குக் கழுத்திலோ மார்பிலோ ஒரு குழாய் போடுவார்கள். 'சென்ட்ரல் லைன்' என்று பெயர். மருந்து நேராகப் பெரிய ரத்தக் குழாய்க்குப் போகும். தோலில் இருக்கும் கிருமிக்கும் அதே வழி திறந்துவிடும்!

அதனால்தான் ஊசி குத்தும் முன் தோலைச் சுத்தம் செய்கிறார்கள். எதைக் கொண்டு? வழக்கமான பழுப்பு மருந்து பொவிடோன் அயோடின். அதைவிட ஆல்கஹால் கலந்த 2% குளோர்ஹெக்சிடின் நல்லது என்று பிரான்சில் 11 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2015-ல் காட்டியது. 1000 குழாய் நாட்களுக்குக் குழாயால் வந்த தொற்று அயோடின் கலவையில் 1.77, குளோர்ஹெக்சிடினில் 0.28.

நம் நாட்டு நிலை? 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 26 மருத்துவமனைகளின் 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மட்டும், மருத்துவமனையில் வந்த ரத்தத் தொற்றுகள் 2622. எல்லாமே குழாயால் வந்தவை அல்ல. ஆனால் குழாய் வழியாக வருவதைத் தடுக்க முடியும்.

நல்ல மருந்து வாங்கி வைத்தால் மட்டும் போதுமா? போதாது. நன்றாகத் தேய்த்து, தானாகக் காயும்வரை, சுமார் அரை நிமிடம், காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் மருந்து வேலை செய்ய நேரமே இல்லை. அவசரத்தில் முதலில் பலியாவது இந்த அரை நிமிடம்தான்.

அமெரிக்காவின் மிச்சிகனில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கை கழுவுதல், முழு உடல் மறைப்பு, குளோர்ஹெக்சிடின், தொடையைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் குழாயை எடுத்தல் என ஐந்தே விஷயம். ஒன்று தவறினாலும் "நிறுத்துங்கள் டாக்டர்" என்று சொல்லும் உரிமை நர்ஸுக்கு. 2006-ல் வெளியான முடிவின்படி தொற்று 66% வரை குறைந்தது.

"உயிர் போகும் நேரத்தில் இதெல்லாம் முடியுமா?" என்று கேட்கலாம். நியாயம்தான். அப்படி அவசரமாகப் போட்ட குழாயை இரண்டு நாளுக்குள் மாற்றிவிடச் சொல்கின்றன வழிகாட்டு நெறிகள்.

நம் ஊரில் டாக்டரைத் தடுத்துப் பேச நர்ஸுக்குத் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டியது நிர்வாகம். உரிமையை எழுத்தில் கொடுத்து, குழாய் போடும் தட்டிலேயே அந்தப் பட்டியலையும் வைக்கட்டும். இதற்குப் புதிய கட்டிடமும் வேண்டாம், வெளிநாட்டு இயந்திரமும் வேண்டாம்.