வீடும் கொல்லையும்: தேங்கும் நீரும் பசும்புல்லும்

நம் தஞ்சை, திருச்சிப் பக்கங்களில் ஐப்பசி, கார்த்திகையில் காணும் அடைமழையை இந்த நாகபுரியில் ஆனி, ஆடியிலேயே கண்டுவிடுகிறோம். சென்ற மாதம் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்த அன்பர்கள் இருவர், "கொல்லையில் புல் வளர்க்க விரும்புகிறோம், எந்தப் புல் ஏற்றது?" என்று வினவினர். விடை கூறுமுன் நாம் ஒரு கேள்வி கேட்டோம்: "மழை விட்ட மறுநாள் உங்கள் கொல்லையில் தண்ணீர் நிற்கிறதா?" இருவரும் சிரித்தனர். நிற்கிறது என்பதே அச்சிரிப்பின் பொருள்.

தண்ணீர் நிற்கும் தரையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புல்லும் வேர் அழுகி மடியும். அதன் இடத்தைக் கோரை பிடித்துக்கொள்ளும். ஆகவே புல்லைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம். முதலில் நீரைப் பற்றி.

இங்குப் பல இடங்களில் உள்ளது கரிசல் மண். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்தார்க்கு இது பழகிய மண்ணே; ஏனையோர்க்கு இதன் குணம் விளங்கச் சிறிது காலம் பிடிக்கும். நீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெயில் 45 டிகிரியை எட்டும் மே மாதத்தில் கை நுழையும் அளவுக்குப் பிளவுகள் தோன்றுவதைக் காணலாம். அதே மண், நாலைந்து மழை பெய்து உப்பிவிட்டால், பிளவுகள் அனைத்தும் மூடிக்கொண்டு, ஒரு சொட்டு நீரையும் எளிதில் கீழே விடாது.

இவ்வுண்மை அறியாமல் நாம் ஏமாந்த கதையைச் சொல்லவேண்டும். இப்போதைய வாடகை வீட்டுக்கு வந்த முதலாண்டு, மே மாதத்தில், மண்ணைச் சோதிக்க எண்ணி ஓரடிக் குழி தோண்டி ஒரு குடம் நீர் ஊற்றினோம். கால் மணிக்குள் குழி வற்றிவிட்டது. 'ஆகா, எவ்வளவு நீரையும் குடிக்கும் பூமி!' என்று மகிழ்ந்து, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, மூலையில் மூன்றடி ஆழத்தில் உறிஞ்சுகுழி ஒன்று வெட்டி, செங்கல் துண்டும் கூழாங்கல்லும் இட்டு நிரப்பினோம். உண்மையில் அன்று நீரைக் குடித்தது மண் அன்று, வெடிப்பு. ஜூலை மாதத்தில் அக்குழி விளிம்பு வரை நிரம்பி, நிரம்பியபடியே நின்றது. தேங்கிய நீரில் ஒரு வாரம் பத்து நாளிலேயே முட்டை கொசுவாகிவிடும். அவ்வாண்டு வீட்டில் குழந்தைகள் உறங்கிய இரவுகள் சிலவே.

எனவே சோதனை செய்வோர் மழை தொடங்கி மூன்று வாரமேனும் சென்றபின் செய்க. ஓரடிக் குழியில் நீர் நிரப்பி, அது இறங்கியபின் மீண்டும் நிரப்பி, கடிகாரமும் அளவுகோலும் வைத்துப் பார்க்கவேண்டும். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் உறிஞ்சுகுழி பயன்படும். அதனினும் மிகக் குறைந்தால் அக்குழியை மறந்துவிட்டு, நீரைத் தரையின் மேலாகவே வெளியேற்றும் வழியை நாடவேண்டும். கரிசலுக்குப் பெரும்பாலும் இரண்டாவதே கதி.

எவ்வளவு நீர் என்பதையும் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. நம் கொல்லை 30 அடிக்கு 20 அடி. ஓர் அங்குல மழை பெய்தால் அதன்மேல் விழும் நீர் ஏறத்தாழ 1,400 லிட்டர். பதினைந்து லிட்டர் வாளியால் தொண்ணூறு வாளிக்கு மேல். கூரையிலிருந்து கொல்லைப் பக்கம் வழிவது தனி. 2023 செப்டம்பர் 23 அன்று விடியுமுன் சில மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, அம்பாஜரி ஏரி வழிந்து, தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை இவ்வூரார் மறந்திரார். அத்தகைய மழைக்கு மூன்றடிக் குழி எம்மாத்திரம்?

இரண்டாவது பிழை முதற்பிழையினும் பெரிது. குழி நிரம்பி நீர் கொல்லைப்படி வரை ஏறிவிட்ட ஒரு நாள் இரவு, கடப்பாரையை எடுத்துச் சென்று பின்வேலி ஓரத்து மண்மேட்டை வெட்டிவிட்டோம். அரைமணியில் நம் கொல்லை வடிந்தது. நிம்மதியாக உறங்கினோம். காலையில்தான் தெரிந்தது, அவ்வளவு நீரும் அடுத்த வீட்டுப் பின்தாழ்வாரத்துக்குச் சென்றிருந்தது. அங்கே தனியாக வசிக்கும் மராத்தி மூதாட்டியின் சோள மூட்டை ஒன்று அடியோடு நனைந்து கிடந்தது.

தெருவில் எல்லாரும் 'ஆஜி' என்று அழைக்கும் அவ்வம்மையார் சினந்து பேசியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ மூட்டையைக் காட்டி, "தண்ணீருக்கு வழி விட்டாய், சரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா, பாளா?" என்றார். மறுமொழி கூற நமக்கு நா எழவில்லை. அன்று மாலையே புது மூட்டை வாங்கிக் கொண்டுபோய் வைத்தோம். மறுக்காமல் பெற்றுக்கொண்டார், நிறையையும் சரிபார்த்துக்கொண்டார்.

அதன்பின் அவரே ஒரு செய்தி சொன்னார். இரு வீட்டு வேலிகளுக்கும் இடையே முன்னாளில் ஒரு வாய்க்கால் இருந்ததாம். தெருச் சாக்கடை வரை சென்றதாம். யாரோ வீடு பழுது பார்த்தபோது இடிசல் கொட்டி மூடிவிட்டார்களாம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வெட்டி அதைத் திறந்தோம். அவர் பேரன் இரண்டு நாள் உடன் உழைத்தான். எவ்வளவு நூல் படித்திருந்தாலும் அவ்வாய்க்காலை நாம் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

வாய்க்கால் திறந்தபின் எஞ்சிய வேலை தரையைச் சரித்தல். வீட்டுச் சுவரிலிருந்து வாய்க்காலை நோக்கி நூறடிக்கு இரண்டடி வாட்டம் போதும். நம் இருபதடிக்கு அது ஐந்தங்குலம். கண்ணளவில் இதனைச் செய்யலாகாது. கொத்தனார்கள் டியூப் லெவல் என்னும், நீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு, இரு முளைகளில் ஒரே மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஒன்றில் ஐந்தங்குலம் இறக்கிக் கயிறு கட்டவேண்டும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய்த்துவிடும். சுவரோரம் எப்போதும் மேடாகவே இருக்கட்டும். கரிசல் உப்பியும் சுருங்கியும் அடித்தளத்தை அசைத்துச் சுவரில் கீறல் உண்டாக்கும். வாய்க்காலை ஆழமாகவும் குறுகலாகவும் வெட்டவேண்டாம், கரை சரிந்துவிடும். இரண்டடி அகலமும், நடுவில் ஆறங்குல ஆழமுமாகக் கிண்ண வடிவில் வெட்டி, அதிலும் புல்லையே நட்டுவிட்டால் மண் அரிக்காது. குழந்தைகளும் இடறி விழார்.

ஈர மண்ணில் மண்வெட்டி வைத்தல் கூடாது; பிசைந்த மண் காய்ந்து கல்லாகிவிடும். இப்பக்கத்து உழவர் 'வாப்சா' என்று ஒரு பதம் சொல்வர்; கையில் உருட்டினால் உருளவும், தட்டினால் உதிரவும் வேண்டும். மேல்மண்ணில் மட்கிய தொழு உரத்தைத் தாராளமாகக் கலக்கலாம். கரிசலில் இரண்டு கூடை மணலைத் தூவுவது வீண். ஜிப்சம் இடச் சொல்வாரும் உளர்; அது களர் நிலத்துக்கு மருந்து; எல்லாக் கரிசலும் களர் அன்று.

இனிப் புல். நம் தேர்வு அருகம்புல். இந்தியில் தூப், மராத்தியில் ஹரளி, இரண்டும் அதுவே. வெயிலும் வறட்சியும் மிதியும் தாங்கும். கோடையில் பழுத்துப்போனாலும் முதல் மழையில் துளிர்க்கும். விலையின்றியும் கிடைக்கும். கணுவுள்ள துண்டுகளாக நறுக்கி, மழை தொடங்கியபின் மூன்று நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றினால் போதும். ஊன்றுமுன் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடவேண்டும்; மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே சிரிக்கும். வெட்டும்போது ஒருமுறைக்கு உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டலாகாது.

கொரியப் புல் கண்ணுக்கு மெத்தையாகத் தோன்றும், மறுப்பதற்கில்லை. ஆனால் மெல்லப் படரும், விலை மிகுதி, நாளடைவில் மேடுமேடாகப் புடைக்கும். மாற்றல் உத்தரவு எந்நாளும் வரக்கூடிய நம்போன்றோர் அது படரும் வரை காத்திருப்பது கடினம்.

அருகம்புல்லுக்கு ஒரே குறை, நிழல் ஆகாது. நம் மாமரத்தடியில் இருமுறை நட்டு இருமுறையும் இழந்தோம். அங்கே இப்போது அகல இலையுள்ள பஃபலோ புல் இருக்கிறது; முரடாயினும் நிழல் பொறுக்கும். அடிமரத்தை ஒட்டி அதுவும் பிடிக்கவில்லை. அவ்விடத்தில் தோண்டியெடுத்த பழைய செங்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டோம். பிள்ளையார் சதுர்த்தியன்று காலை ஆஜி அருகு பறிக்க வந்தால் அதன்மேல்தான் கூடையை வைக்கிறார்.