மோதுறவருக்கு இன்சூரன்ஸ் இல்லன்னா?

பைக் இன்சூரன்ஸை நீங்க ஒழுங்கா கட்டுறீங்க. உங்க மேல மோதுறவர் கட்டலைன்னா? தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொன்னாலும், அவர்கிட்ட பணம் இருந்தாதான் உங்க கைக்கு வரும். மோதிட்டு நிக்காமப் போயிட்டா, அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய்தான்.

பைக் பாலிசியோட வர்ற 15 லட்ச விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். கால் உடைஞ்சு மூணு மாசம் வீட்டில் கிடந்தா ஒரு ரூபாய்கூட வராது. இஎம்ஐ மட்டும் நிக்காது.

என் கணக்கு இதுதான்: ஆண்டுச் சம்பளத்தைப் போல 10 மடங்குக்குத் தனி விபத்து பாலிசி. மாசம் 40,000 வாங்கினா சுமார் 50 லட்சம். தற்காலிக ஊனத்துக்கு வாராவாரம் பணம் தருதான்னு பார்த்து எடுங்க. ஆஸ்பத்திரி செலவுக்கு ஹெல்த் பாலிசி தனியா வேணும்.