மசக்கைக்கு மட்டுந்தானா?

ஸ்திரீகளுக்குப் புளிப்பும் தித்திப்பும், புருஷர்களுக்கு உறைப்பும் என்று நம் வீடுகளில் ஒரு பாகப் பிரிவினை வெகு காலமாக வழங்கி வருகிறது. பள்ளிக்கூட வாசலில் மாங்காய்ப் பத்தை விற்கும் கிழவியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பையன்களுக்கு ஒரு நாளும் குறைவிருந்ததில்லை.

மேல்நாட்டாரிடமும் இப்படி ஒரு பிரிவினை உண்டு. அமெரிக்கப் பெண்களில் பலர் சாக்லேட்டுக்கு ஏங்குகிறார்களாம். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் அந்த ஏக்கம் அதிகமாகிறதாம். இது உடம்பின் இயற்கை என்றே பலரும் கருதி வந்தனர். ஆனால், எகிப்து தேசத்தில் இதே விஷயத்தை விசாரித்து 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அங்கே ஆண் பெண் இருபாலாருமே இனிப்பைவிட உப்பும் மசாலையும் சேர்ந்த பண்டங்களையே பெரிதும் விரும்புவதாகத் தெரிய வந்தது. எகிப்தியப் பெண்ணுக்கும் உடம்பு அதே உடம்புதான். ஆகவே, நாவின் ஆசையில் பெரும் பங்கு பழக்கத்தைச் சேர்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆகார விஷயத்தில் வித்தியாசமே கிடையாதா? உண்டு, ஆனால் அதை நாவில் தேடுவதைவிட இரத்தத்தில் தேடுவது நல்லது. மாதந்தோறும் இரத்தத்தை இழக்கும் பெண்ணுக்கு இரும்புச் சத்து அதிகமாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020-ல் வகுத்த அளவின்படி, நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் தேவை.

நம் வீட்டுப் பரிமாறும் வரிசையோ இதற்கு நேர்மாறாக அமைந்திருக்கிறது. புருஷர்களும் குழந்தைகளும் உண்டு எழுந்த பிறகு, கடைசி இலையில் அமரும் இல்லத்தரசிக்குக் கீரையும் பருப்பும் மிஞ்சியிருப்பது அபூர்வம். ரசமும் மோரும் போதுமென்று அவளும் சொல்லிவிடுகிறாள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்குச் சோகை. அதே வயது ஆண்களில் 100-க்கு 25 பேருக்குத்தான்.

சாம்பல், செங்கற்பொடி, களிமண், பச்சரிசி இவற்றை ஒளித்து வைத்துக்கொண்டு தின்னும் பெண்களை நாம் கண்டிருக்கிறோம். மூத்தவர்கள் வைவார்கள், இளையவர்கள் பரிகசிப்பார்கள். அவர்களோ வெட்கத்தினால் இன்னும் நன்றாக ஒளித்துக்கொள்வார்கள். இதைத் துர்ப்பழக்கம் என்று தள்ளுவது பிசகு. இரும்புச் சத்துக் குறைந்தவர்களிடம் அடிக்கடி காணப்படும் அடையாளம் அது. வைத்தியரிடம் காட்டி இரும்பு மருந்து கொடுத்ததும் பலருக்கு அந்த ஆவல் தானே அடங்கிவிடுகிறது.

பெண்ணின் ஆவலை மதிக்க நமக்குத் தெரியாது என்று சொல்வதற்கில்லை. மசக்கைக் காலத்தில், "உனக்கு என்ன வேண்டும், அம்மா?" என்று மாமியாரே கேட்கிறார். வளைகாப்பன்று புளியோதரை, எலுமிச்சஞ் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர் சாதம் என்று விதவிதமாகச் செய்து அவள் முன் வைக்கிறோம். மிக அழகிய வழக்கம்! ஆனால், பிள்ளை பிறந்ததும் அந்தக் கேள்வி வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. மறுபடி அது வருவது அடுத்த மசக்கையின்போதுதான். எல்லோருடைய ருசியையும் அறிந்து சமைக்கிறவளின் ருசி இன்னதென்று கேட்டால், வீட்டில் பதில் சொல்லக் கூடியவர்கள் எத்தனை பேர்?

சோகையைத் தடுக்க 1970-ஆம் ஆண்டிலேயே சர்க்கார் மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். மாத்திரை அவசியமே. ஆயினும் சர்க்கார் வந்து நம் வீட்டில் இலை போட முடியாது. அது நாமே செய்ய வேண்டிய காரியம். எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணலாம்; இயலாவிட்டால், கீரையிலும் பயற்றிலும் அவளுடைய பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிடலாம். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி குடிப்பது அதற்குத் தடை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது உத்தமம்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்று இரவு இலை போடும்போது, மசக்கைக்குக் காத்திராமல், "உனக்கு என்ன வேண்டும்?" என்று அவளைக் கேளுங்கள். முதல் நாள் அவள் சிரித்துவிட்டுப் போகலாம். மறுநாளும் கேளுங்கள்.